பதினைந்தா ஐம்பதா

ஜெபசிங் கட்டிலிலிருந்து விழுந்த சத்தம் பிரேமகுமாரிக்குக் கேட்கவில்லை. ஒன்பதடி தள்ளி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர் மருத்துவர் ஒரு முழங்கால் அறுவையைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். பதிவை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் இருந்த பெடலை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோதுதான் பார்த்தாள். கணவன் தரையில் கிடந்தான். கட்டிலின் இரும்புக் காலில் மோதி நெற்றி கிழிந்திருந்தது. வலிப்பு வந்து, அடங்கியும் போயிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடக்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

இது நடந்தது 2003 பிப்ரவரியில். அன்று அந்த ஹெட்போனைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் போட்டவள், மறுபடி அதைத் தொடவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்புவரை ஜெபசிங்கைத் திருத்தணியில் எல்லாருக்கும் தெரியும். சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவதும், கிறிஸ்துமஸுக்குச் சபையில் மைக் வைப்பதும், கல்யாணமும், கட்சிக் கூட்டமும் அவனுடைய வேலைதான். 1997-ல் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் தென்னைமரத்தில் ஸ்பீக்கர் கட்டும்போது வழுக்கி விழுந்தான். தலையில் அடி. பிழைத்துக்கொண்டான், ஆனால் வலிப்பு ஒட்டிக்கொண்டது. திடீரென்று கேட்கும் எந்தச் சத்தமும் அதைக் கிளப்பிவிடும். பாத்திரம் விழுந்தால் வரும், பஸ் ஹாரன் அடித்தால் வரும். சத்தம் கிட்டவே வரக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். செட்டுகளைத் தன்னோடு வேலை பார்த்த பங்காருவிடம் கொடுத்துவிட்டு ஜெபசிங் வீட்டோடு ஆனான். பெரிய தெருவை விட்டு, சந்துக்குள் தள்ளி இருந்த ஒற்றை அறை வீட்டுக்கு இருவரும் குடி மாறினார்கள்.

பிரேமகுமாரி மிஷன் பள்ளியில் படித்தவள். தாலுகா ஆபீசுக்கு எதிரே மனுக்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்தால் வீட்டில் கணவன் தனியாக இருக்க வேண்டும். அதனால் அக்காவை அவனுக்குத் துணையாக வைத்துவிட்டு, ஆறு மாதம் காலை ரயிலில் சென்னைக்குப் போய், மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்வதைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையைக் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு சென்னைக் கம்பெனி வீட்டிலிருந்தே செய்யும்படி வேலை கொடுத்தது. டெலிபோன் வழியாக இன்டர்நெட்டில் குரல் வரும். அதைக் கேட்டு அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி செய்தாள். அந்தப் பெயரால் அவளுடைய அறிக்கைகளில் பத்தில் ஒன்றைத்தான் சென்னையில் சரிபார்த்தார்கள். மீதி யாரும் பார்க்காமலே அமெரிக்காவுக்குப் போய்விடும்.

ஹெட்போன் போனபிறகு கம்ப்யூட்டருக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் ஒரு வூஃபர் பெட்டியும் வாங்கினாள். தன் வேலையும் கேட்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் கணவனின் மூச்சும் கேட்க வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருக்கும் மருத்துவர் திடீரென்று இருமுவார், போனைக் கீழே போடுவார். அந்த இருமலும் ஜெபசிங்கைத் தாக்காத அளவுக்கு ஸ்பீக்கரைக் குறைத்து வைத்தால், பேச்சு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. 'ப'வும் 'ட'வும் மழுங்கின. ஹைப்போ என்றாரா, ஹைப்பர் என்றாரா? ஒன்று குறைவு, மற்றது அதிகம். நான்கு முறை, ஐந்து முறை திரும்பக் கேட்பாள். கழுத்து விறைத்துக்கொள்ளும். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய்க் கேட்பாள். வூஃபரைக் கூட்டினால் குரல் கனமாகும், தெளிவாகாது. ஜூனுக்குள் இரண்டு தவறுகள் பிடிபட்டன. அவளுடைய மேற்பார்வையாளர் தேவகி சென்னையிலிருந்து கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பிரேமகுமாரி உண்மையைச் சொல்லவில்லை.

ஜூலை மாதம் ஒரு நாள். காலையில் வந்த வேலையை முடித்து, வழக்கம்போல் மெல்லிய குரலில் ஒருமுறை வாசித்துப் பார்த்து, பதினோரு மணிக்கு அனுப்பிவிட்டாள். இரண்டரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெபசிங் ரசத்தைப் பிசைந்துகொண்டே ஏதோ யோசித்தான்.

"காலைல ஒரு டாக்டரு மார்ஃபின்னு சொல்லிகினு இருந்தாரே, அந்தக் கெழவிக்கு. எவ்ளோன்னு போட்ட?"

"ஃபிஃப்டி."

"அவரு ஃபிஃப்டீன்னு சொன்னாரு."

அவள் கை தட்டில் நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்டாள். தனக்குக் கேட்டது என்றான். மாத்திரை மயக்கத்தில் இருந்தபடியால் கனவோ என்று நினைத்துவிட்டதாகவும், அவள் வாசித்தபோது வேறாகக் கேட்டது இப்போதுதான் உறைத்ததாகவும் சொன்னான்.

கையைக் கழுவிவிட்டு அந்தப் பதிவைத் திறந்தாள். அவள் வைத்திருந்த அளவில் மறுபடியும் ஃபிஃப்டி என்றுதான் கேட்டது. சத்தத்தைக் கூட்டாமல் முடிவு தெரியாது. திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"ஏத்து. நான் காத மூடிக்கிறேன்," என்று தலையணையால் தலையைச் சுற்றி அணைத்துக்கொண்டான்.

குமிழைத் திருகினாள். எண்பத்திரண்டு வயதுப் பெண்மணி, இடுப்பெலும்பு முறிவு, வலிக்கு மார்ஃபின். ஃபிஃப்டீன். இந்தமுறை கடைசி எழுத்துவரை தெளிவாகக் கேட்டது. அவள் அடித்து அனுப்பியதோ மூன்று மடங்குக்கும் மேல். அடுத்து ஓர் இருமல் வரும் என்று நினைவுவந்து சட்டென்று பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

டெலிபோனை எடுத்தால் உயிரில்லை. சந்து முனையில் குழாய்ப் பள்ளம் தோண்டியதில் கேபிள் அறுந்திருக்கிறது. நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து அன்றைய அறிக்கைகள் மொத்தமாக அமெரிக்காவுக்குப் போகும். போய்விட்டால் அங்கே யார் கையில் எப்போது சேரும் என்று தெரியாது, தடுக்கவும் முடியாது. சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்றாகப் போகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு ஓட வேண்டும். கணவனைத் தனியே விட்டுப் போக வேண்டும்.

ஜெபசிங் பாயைத் தரையில் விரித்தான். "நீ போ. நான் கீழயே படுத்துக்கிறேன். இங்கிருந்து விழ எடம் இல்ல."

பூத்தில் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். கெஞ்சி முன்னால் போனாள். கம்பெனி எண் இரண்டு முறை எங்கேஜ்டாக இருந்தது. மூன்றாவது முறை யாரோ எடுத்து, தேவகி மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, வெளியே கூப்பிடுங்கள் என்றாள். தன் குரல் அப்படிக் கண்டிப்பாக வரும் என்று அவளுக்கே தெரியாது. தேவகி வந்து ஃபைல் நம்பர் கேட்டாள். லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் தட்டினார்கள். பிரேமகுமாரி திரும்பவில்லை. வீட்டில் அவன் எப்படிக் கிடக்கிறானோ என்று ஒரு பக்கம். பார்த்திராத ஒரு கிழவி ஒரு பக்கம்.

"நிறுத்திட்டேன்," என்றது தேவகியின் குரல். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா என் கையில இல்ல, பிரேமா." பிறகு தொடர்ந்தாள். "முதல் ரெண்டு தப்பையும் நாங்க கண்டுபிடிச்சோம். இதை நீங்களே சொன்னீங்க. அதனாலதான் பத்து நாள் தர்றேன். இனிமே உங்க ஃபைல் ஒவ்வொண்ணையும் முழுசாக் கேட்டுப் பார்ப்போம். எண்ணுல ஒரு தப்பு வந்தாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு ஓடிவந்தபோது ஜெபசிங் பாயில் மல்லாந்து கண்களைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. நடந்ததைச் சொன்னாள். இதுவரை மறைத்த இரண்டு தவறுகளையும் சொன்னாள். அவன் கோபிக்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லி, அந்தப் பதிவைக் குறைந்த சத்தத்தில் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னான். முதலில் கட்டிலில் படுத்துக் கேட்டான். அப்புறம் அவளுக்குப் பின்னால் நின்று கேட்டான். பிறகு குந்தி உட்கார்ந்து கேட்டான்.

"நான் ஒம்போது அடி தள்ளிப் படுத்துகினு கேக்கறேன். பக்கத்துல உக்காந்துகினு இருக்கற உனக்குக் கேக்கல. ஸ்பீக்கர் உன் வயித்தப் பாத்துகினு பேசுது, பிரேமா. உன்னைத் தாண்டி வந்து நேரா என் கட்டில்ல விழுது."

ஸ்பீக்கர்கள் மேசைமேல் தாழ்வாக, சுவரோடு ஒட்டி இருந்தன. கனத்த பாஸ் ஒலி எல்லாப் பக்கமும் பரவும். கூர்மையான டிரெபிள் ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகத்தான் போகும் என்று அவன் விளக்கினான். 'டீன்' என்ற அசையை அடையாளம் காட்டுவதே அந்தக் கூர்மையான ஒலிதான். சத்தத்தைக் குறைக்கும்போது காது முதலில் பாஸை விட்டுவிடும், டிரெபிளையும் பாதி விட்டுவிடும். நடுவில் உள்ளதுதான் நிற்கும். அதை ஈடுகட்ட அவள் வூஃபரைக் கூட்டியிருந்தாள். வூஃபர் இருந்ததோ மூலையில். மூலைச் சுவர்கள் அதை மேலும் ஊதிப் பெரிதாக்கின. 'ஃபிஃப்'பில் எழுந்த கனம் பின்னால் வந்த அசையை மூடிவிட்டது. ஆறு வருடமாக வாயே திறக்காத விஷயத்தைப் பற்றி அவன் மூச்சுவிடாமல் பேசியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே ஆரம்பித்தார்கள். மேசையைச் சுவரிலிருந்து இரண்டடி இழுத்தார்கள். ஸ்பீக்கர்களுக்கு அடியில் செங்கல் வைத்து அவளுடைய காது உயரத்துக்கு ஏற்றினார்கள். இரண்டையும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வைத்து, முகம் பார்க்கத் திருப்பினார்கள். மேசைக் கண்ணாடியில் பட்டு ஒலி எகிறுகிறது என்று ஜெபசிங் சொன்னான். அதன்மேல் துண்டை விரித்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் இரைச்சலுக்காக அதைக் கீழே இறக்கிச் சாக்கின்மேல் வைத்தாள். சீலிங் ஃபேனும் நின்றது. ஜூலை வெக்கையில் இருவருக்கும் வியர்த்து ஊற்றியது.

அடுத்து வூஃபரை மூலையிலிருந்து நகர்த்த வேண்டும். வயரைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னான். அவள் மாட்டினாள். சுவிட்ச் அணையாமல் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

வூஃபரிலிருந்து டப் என்று ஒரு சத்தம்.

அவள் திரும்புவதற்குள் ஜெபசிங்கின் உடம்பு வில்லாக வளைந்துவிட்டது. பாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி என்பது கணக்கு. ஒரு நிமிடம். இரண்டு. கர்த்தரே, கர்த்தரே என்று மட்டும் உதடு அசைந்தது. இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் உடம்பு தளர்ந்தது. அவன் கண் விழித்து அவளை அடையாளம் காண்பதற்கு இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று.

போதும் என்று அவள் முடிவு செய்தாள். தேவகியிடம் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு மறுபடி மனு டைப் அடிக்கப் போவது என்று தீர்மானித்துக்கொண்டு படுத்தாள். காலையில் எழுந்தபோது ஜெபசிங் தரையில் உட்கார்ந்து பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான்.

"அத விட்ருங்க," என்றாள். "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் யாருக்காக இதைச் செய்றது?"

அவன் நிமிரவில்லை. "நேத்து சுவிட்ச அணைக்காதது நம்ம தப்பு. இந்தப் பொட்டி மேல தப்பு இல்ல. ஆறு வருஷமா நீ எனக்காக பயந்து பயந்து வேலை செய்யற. ஒரு நாளு நான் செய்றேன், இரு."

அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிவந்து, சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அன்று முழுக்க, அவன் எந்த வயரைத் தொட்டாலும் முதலில் அணைத்துவிட்டு, அணைத்தாயிற்று என்று வாய்விட்டுச் சொன்னாள். மாலையில் கேபிளை ஒட்டி, டெலிபோனுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

ரப்பர் துண்டுகளை ஸ்பீக்கருக்கடியில் வைத்ததும் மேசையின் அதிர்வு போயிற்று. வூஃபரை முழுக்க அணைத்துப் பார்த்தார்கள். சொற்கள் தெளிந்தன, ஆனால் குரல் தகரம்போல் ஆகி, அரை மணியில் அவளுக்குத் தலை வலித்தது. நாள் முழுக்க இதைக் கேட்க முடியாது என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். ஆண் குரலுக்கு உடம்பு வந்ததும் நிறுத்தினான். திரையில், ஒலியைப் பிரித்து ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் பட்டைகளைத் திறந்து, சொற்களின் முனை தெரியும் இடத்தை மட்டும் ஒரு விரல் உயர்த்தினான். சென்னையில் திருத்தித் திரும்பிவந்த பழைய அறிக்கைகளை அவன் கையில் வைத்துக்கொண்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைச் சொல்ல வேண்டும். இருபது சொற்களில் முதலில் பதினொன்று சரி. ஒவ்வொரு பட்டையாக நகர்த்தி, மூன்றாம் நாள் பத்தொன்பதுக்கு வந்தார்கள். அவ்வளவுக்கும் சத்தம் முன்பு இருந்ததைவிடக் குறைவு. மருத்துவர் இருமினால் ஜெபசிங்கின் இமைகூட அசையவில்லை.

எட்டாம் நாள் ஆடிக் கிருத்திகைக்கு வேலை தொடங்கிற்று. வழக்கமாக அந்த நாட்களில் இருவரும் பள்ளிப்பட்டுக்கு, அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்தமுறை நகர முடியாது. காலையில் ஜன்னல் வழியே பார்த்தால் சந்து முனைக் கம்பத்தில் பங்காரு ஏணி சாத்திக்கொண்டிருந்தான். கூம்பு ஸ்பீக்கரின் வாய் அவர்கள் கதவைப் பார்த்திருந்தது.

ஜெபசிங் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கி நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். அவனைக் கண்டதும் பங்காரு ஏணியிலிருந்து இறங்கிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். விழாக்காரர்கள் சந்தின் கடைசிவரைக்கும் கேட்க வேண்டும் என்று சொல்லியிருப்பதாகவும், தான் மாற்ற முடியாதென்றும் சங்கடத்தோடு சொன்னான்.

"கடைசி வரைக்கும் கேக்கட்டும்," என்றான் ஜெபசிங். "ஒரே வாய்ல கத்த வெக்காத. இத ரோட்டப் பாத்துத் திருப்பு. அந்தக் கோடில ஒரு சின்ன பாக்ஸ் வை. ரெண்டையும் பாதியா வெச்சிக்க. ஜனங்களுக்கும் பேச்சு புரியும்."

"சரிணா. ஆனா டெஸ்ட் பண்ணியே ஆவணும். நீ உள்ள போயிடு."

அவன் போகவில்லை. பங்காரு கூம்பை ரோட்டுப் பக்கம் திருப்பி, சந்தின் கோடியில் பாக்ஸ் வைத்துவிட்டு வந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, மைக்கை வாயருகே கொண்டுபோனான். பிரேமகுமாரி கணவனின் முதுகுக்குப் பின்னால், இரண்டு கைகளையும் சற்று விரித்தபடி நின்றாள். ஹலோ என்ற குரல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ஜெபசிங்கின் தோள் இறுகியது. கழுத்து நரம்பு துடிப்பதை அவள் பார்த்தாள். மறுபடி ஹலோ. அவன் வலது கையை உயர்த்தி, இன்னும் குறை என்று சைகை செய்தான். மூன்றாவது ஹலோவில் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். வாசற்படியில் கால் தடுக்கியது, அவள் பிடித்துக்கொண்டாள். வலிப்பு வரவில்லை.

கிருத்திகையன்று காவடிகள் பம்பை முழக்கத்தோடு இரண்டு முறை சந்துக்குள்ளேயே வந்தன. அப்போது மட்டும் அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை கேட்டு அடித்தாள்.

பதினோராம் நாள் தேவகி கூப்பிட்டாள். சின்னத் தவறுகள் நான்கு. எண்களில் ஒன்றும் இல்லை. வேலை தொடரலாம் என்றாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். பிரேமகுமாரி முதல்முறையாக வீட்டு நிலவரம் முழுவதையும் சொன்னாள். வீட்டில் சத்தம் வைக்க முடியாத பெண்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்றாள் தேவகி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து வந்தவள், கம்ப்யூட்டரில் ஒரு பாட்டு சிடியைப் போட்டாள். விபத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் பாட்டு ஒலித்ததில்லை. பாட்டுக்கு இந்த அளவு போதாது, வூஃபர் இன்னும் ஒரு கோடு வேண்டும் என்றான் ஜெபசிங். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"பாஸ் கேக்குதா உங்களுக்கு?"

"ஆங்," என்றான். சிடி முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான்.

வலிப்பு அவனை விட்டுவிடவில்லை. மாத்திரைகளும் நிற்கவில்லை. ஆனால் தேவகி சொல்லி, அரக்கோணத்தில் இதே வேலையை வீட்டிலிருந்து செய்த இரண்டு பெண்களுக்கு ஸ்பீக்கர் சரிசெய்துகொடுக்க, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கூட்டமில்லாத மத்தியான ரயிலில் மனைவியோடு போய்வந்தான். அவர்கள் மூலம் இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். கைக்குழந்தை தூங்கும் வீடு, இரவுப்பணி முடித்துப் பகலில் கணவன் தூங்கும் வீடு என்று ஒவ்வொரு இடத்திலும் சத்தத்தை ஏற்ற முடியாத காரணம் ஒன்று இருந்தது. போகும் வீட்டில் முதலில் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். 2007-ல் கம்பெனி பிரேமகுமாரியை மற்றவர்களின் அறிக்கைகளைச் சரிபார்ப்பவளாக ஆக்கியது. அதையும் அவள் அந்தச் சந்து வீட்டிலிருந்தேதான் செய்தாள்.